வீட்டிலிருந்தே மாடலிங் ஏஜென்சி: பெற்றோரிடம் கட்டணம் வாங்கலாமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் பல வருடம் கோஆர்டினேட்டராக இருந்தவர். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டார். இப்போது 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக வீட்டிலிருந்தபடியே மாடலிங் ஏஜென்சி தொடங்க நினைக்கிறார். உண்மையில் பாதி தொடங்கியே விட்டார். தெரிந்த பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெயர், வயது, உயரம் எல்லாம் போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றியிருக்கிறார். ஒவ்வொரு குடும்பத்திடமும் பதிவுக் கட்டணம் வாங்குவது, வீட்டு முன்னறையில் தம்பியை வைத்து போர்ட்ஃபோலியோ (மாடலின் படத் தொகுப்பு) எடுத்து அதற்குத் தனியாக வாங்குவது, வேலை வந்தால் 40 சதவீதம் கமிஷன், ஐந்து வருட ஒப்பந்தம் என்று திட்டம் போட்டிருக்கிறார். கட்டணம் வைத்தால்தான் சீரியஸாக இருப்பவர்கள் மட்டும் வருவார்கள் என்பது அவர் கணக்கு. இதற்கு நடுவில் ஒரு ஆடை நிறுவனம் 16 வயதுப் பெண் ஒருவரை வெளியூர் ஷூட்டுக்குக் கேட்கிறது. அம்மாவால் உடன் வர முடியாது, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்களே அனுப்பிவையுங்கள் என்கிறார். அந்தப் பெண் கொஞ்சம் உடம்பைக் குறைக்க வேண்டும் என்றும் நிறுவனம் சொல்லியிருக்கிறது. கணவருக்கோ இந்தத் தொழிலே பிடிக்கவில்லை, பேர் கெட்டுப்போகும் என்கிறார். லைசென்ஸ் வேண்டுமா, வீட்டில்தானே நடத்துகிறேன், பெற்றோர் கையெழுத்து போதாதா என்று கேட்கிறார்.

உங்கள் கணவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் பயத்தில் ஒரு பாதி, மாடலிங் என்றாலே முகம் சுளிக்கும் பழைய பழக்கம். அதை விட்டுத்தள்ளுங்கள். மறுபாதியில் நியாயம் இருக்கிறது. உங்களைத் தெரியாத ஒருவரிடம் இந்தத் திட்டத்தை மட்டும் காட்டினால், இது மாடலிங் மோசடி என்றுதான் சொல்வார். உங்களுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் பதிவுக் கட்டணம், கட்டாயப் போர்ட்ஃபோலியோ, நீண்ட ஒப்பந்தம் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு ஏமாற்றுக்காரர்கள் வழக்கமாக வைத்திருப்பது. நல்லவர் கையில் இருந்தாலும் அது கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் விடும். ஏன் என்று சொல்கிறேன்.

பணம் எந்தப் பக்கமிருந்து வருகிறது

ஏஜென்சியின் சம்பாத்தியம் கிளையன்டிடமிருந்து வரவேண்டும். வேலை நடந்தது, நிறுவனம் பணம் கொடுத்தது, அதில் உங்கள் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தீர்கள் என்றால் நீங்கள் ஏஜென்ட். பெற்றோரிடமிருந்து பணம் வந்துவிட்டால், வேலை வாங்கித் தராமலேயே உங்கள் மாதம் ஓடிவிடும். ஓடும்போது எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்றுதான் புத்தி போகும், யாருக்கு வேலை வாங்கித் தரலாம் என்று போகாது. பிரிட்டனில் மாடல்களிடம் ஏஜென்சி முன்கட்டணம் வாங்கவே கூடாது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி, முன்பணம் கேட்பதை மாடலிங் மோசடியின் முக்கிய அடையாளமாகச் சொல்லி மக்களை எச்சரிக்கிறது. நியூயார்க்கில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஃபேஷன் தொழிலாளர் சட்டம் மாடல்களிடம் டெபாசிட், கட்டணம் வாங்குவதைத் தடுக்கிறது, கமிஷனுக்கு 20 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்கிறது, ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. இந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாமலும் இருக்கலாம். இருந்தாலும் உங்கள் 40 சதவீதமும் ஐந்து வருடமும் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

போர்ட்ஃபோலியோ விஷயத்தில் இன்னொன்று. ஸ்டூடியோவில் இருந்த உங்களுக்கு இது என்னைவிட நன்றாகவே தெரியும், ஆனாலும் கடிதத்தில் காணவில்லை. குழந்தைகள் ஆடை கேட்டலாக்கில் பிள்ளையை வயது பார்த்து எடுப்பதில்லை, உயரம் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். மாதிரி ஆடை 116 சென்டிமீட்டருக்குத் தைத்திருந்தால் 116 உள்ள பிள்ளைதான் வேண்டும். அதே பிள்ளை அடுத்த வருடம் 122 ஆகிவிடும், முன்பல் இரண்டும் விழுந்திருக்கும், முடியை ஒட்ட வெட்டியிருப்பார்கள். போன வருட ஆல்பத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஜன்னல் பக்கம் வெறும் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து, மேக்கப் இல்லாமல், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவமாக ஒன்று என்று அம்மாவே போனில் எடுத்து அனுப்பினால் போதும். அப்படிப் போதும் என்று நீங்களே பெற்றோரிடம் சொன்னால், உங்கள் மேல் வரும் நம்பிக்கைக்கு எந்த விளம்பரமும் ஈடாகாது. தம்பி வருமானத்துக்கு வேறு வழி பாருங்கள். சொந்தத் தம்பியை வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்று ஏஜென்சி கட்டாயப்படுத்துவது, அவர் எவ்வளவு நல்ல போட்டோகிராபராக இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தப்பாகத்தான் தெரியும்.

அப்படியானால் முதல் வருடம் எதை வைத்து ஓட்டுவது என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், ஓட்டுவது கஷ்டம். நிறுவனங்கள் 60 நாள், 90 நாள் கழித்துத்தான் பணம் தருகின்றன. பிள்ளையின் அப்பா இரண்டாவது வாரமே போன் பண்ணிப் பணம் எங்கே என்பார். அதனால் கையிருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். ஏஜென்சிக்கென்று தனி வங்கிக் கணக்கு கண்டிப்பாக வேண்டும். அதில் வந்து விழும் பணத்தில் உங்கள் பங்கு போக மீதி அடுத்தவர் பிள்ளையின் பணம். அதை வீட்டுச் செலவுக்கு ஒரு வாரம் புரட்டினாலும் சட்டத்தின் பார்வையில் விவகாரம் ஆகிவிடும்.

வீட்டில்தானே என்கிறீர்கள்

வீட்டில் இருந்து நடத்துவதால் எந்தச் சட்டமும் உங்களை விட்டுவிடாது. தொழில் பதிவு, வரி, ஆள் தேடித் தரும் தொழிலுக்கான அனுமதி ஆகியவை எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுதான் பார்க்கும். சில இடங்களில் ஏஜென்சிக்கே லைசென்ஸ் வேண்டும். சில இடங்களில் ஏஜென்சிக்கு வேண்டாம், ஆனால் குழந்தையை வைத்து நடக்கும் ஒவ்வொரு ஷூட்டுக்கும் அனுமதி வேண்டும். இந்தியாவில் 14 வயதுக்குக் கீழான பிள்ளையை விளம்பரத்தில் நடிக்க வைக்கத் தயாரிப்பாளர் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்கவேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும் என்று 2017-ல் திருத்திய விதிகள் சொல்கின்றன. பிரிட்டனில் சம்பளத்துக்கு மாடலிங் செய்யும் பள்ளி வயதுப் பிள்ளைக்கு உள்ளாட்சி நிர்வாகத்தின் லைசென்ஸ் வேண்டும். அனுமதி வாங்குவது தயாரிப்பாளர் வேலைதானே என்று நீங்கள் ஒதுங்கலாம். ஆனால் அனுமதி இல்லாத ஷூட்டுக்குப் பிள்ளையை அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால், பெற்றோர் முதலில் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்காமல் பிள்ளையை அனுப்புவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரையும் கணக்குப் பார்ப்பவர் ஒருவரையும் தலா ஒரு மணி நேரம் பார்த்துவிடுங்கள். தனிநபராக நடத்தினால் நஷ்டஈடு வழக்கு உங்கள் வீடுவரை வரலாம், அதனால் கம்பெனியாகப் பதிவு செய்வது நல்லதா, பொறுப்புக் காப்பீடு கிடைக்குமா என்று கேளுங்கள்.

வீட்டு முன்னறை ஆடிஷன் வேண்டவே வேண்டாம். தெரியாதவர்களின் பிள்ளைகள் வந்து போகும் இடமாக உங்கள் குழந்தைகள் வளரும் வீடு ஆகக்கூடாது. இன்னொரு பக்கம், யாராவது ஒரு பிள்ளை நாளைக்கு ஏதாவது சொன்னால், பொதுவான இடம், திறந்த கதவு, கூடவே பெற்றோர் என்றெல்லாம் நீங்கள் காட்ட முடியவேண்டும். முதல் சந்திப்பு வீடியோ அழைப்பில், பெற்றோர் பக்கத்தில் இருக்க நடக்கட்டும். நேரில் பார்த்தே ஆகவேண்டுமென்றால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டூடியோவோ ஹாலோ போதும். நீங்கள், தம்பி, மேக்கப் போடுபவர் என யாரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக ஒரு அறையில் இருக்கக்கூடாது. தம்பியைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அவருக்கும் இதுதான் பாதுகாப்பு.

கையெழுத்து எதற்கெல்லாம் போதாது

பெற்றோர் கையெழுத்து இருந்தால் எல்லாம் சரி என்று நீங்கள் மட்டும் நினைக்கவில்லை, என்னிடம் வரும் நிறுவனங்களே அப்படித்தான் நினைக்கின்றன. சிறுவர்கள் தாமே ஒப்பந்தம் போட முடியாது, அதனால் பெற்றோர் போடுகிறார்கள். அதுவரை சரி. ஆனால் சட்டம் தடுத்திருப்பதைப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுமதிக்க முடியாது. இரவு பத்து மணி ஷூட்டுக்குத் தடை இருந்தால் அம்மா சம்மதித்தாலும் தடைதான். அப்புறம், பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் அதோடு முடிந்தது. இந்திய விதிகளே பிள்ளையின் சம்மதமில்லாமல் பங்கேற்க வைக்கக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. அம்மாவுக்கு ஆசை, பிள்ளைக்கு அழுகை என்கிற நிலையை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் கிளையன்ட் காத்திருக்கிறார், லைட் போகிறது, எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் ஆள் நீங்களாக இருக்கவேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு யாரும் முகத்தைத் தூக்க முடியாது.

ஒப்பந்தத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். படத்தை எதற்கு, எந்த ஊடகத்தில், எந்த நாட்டில், எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று இருக்கவேண்டும். "எல்லா ஊடகத்திலும் என்றென்றைக்கும்" என்று ஒரு வரி நிறுவனங்கள் வழக்கமாகச் சேர்ப்பார்கள். ஆறு வயதில் எடுத்த உள்ளாடை விளம்பரம் இருபத்தாறு வயதில் கூடவே வரவேண்டுமா? ஏஐ பயிற்சிக்கோ, டிஜிட்டல் நகல் செய்யவோ பயன்படுத்தக்கூடாது என்று தனியாக எழுதுங்கள். நான் பார்த்தவரை அந்த வரியை யாரும் கேட்காமல் சேர்ப்பதில்லை.

பிள்ளையின் பங்குப் பணத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ஜாக்கி கூகன் என்ற ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் பெரியவனானதும் தான் சம்பாதித்தது எதுவும் மிச்சமில்லை என்று கண்டு 1938-ல் தன் தாய் மேலேயே வழக்குப் போட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் கலிபோர்னியாவின் 1939-ம் வருடச் சட்டம். இன்று அங்கே பிள்ளையின் மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் தனிக் கணக்கில் பூட்டிவைக்கப்படுகிறது. இந்திய விதிகள் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்கின்றன. பிரான்ஸில் பெற்றோர் கைக்கு ஒரு பகுதிதான் போகும், மீதி வயது வரும்வரை அரசு சார்ந்த நிதி நிறுவனத்தில் இருக்கும். உங்கள் ஊரில் சட்டம் இல்லாவிட்டாலும் இதை உங்கள் ஏஜென்சியின் விதியாக வையுங்கள். முறைக்கும் பெற்றோர் சிலர் இருப்பார்கள். அவர்களைச் சேர்க்காமல் விட்டுவிடலாம், பதிவுக் கட்டணம் வைக்காமலேயே ஆளை வடிகட்ட இது நல்ல வழி.

அந்த இன்ஸ்டாகிராம் பக்கம்

இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். எல்லாப் படங்களையும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பினார்கள் என்பதற்கு, உலகத்துக்குக் காட்டலாம் என்று அர்த்தமில்லை. இந்தியாவின் 2023-ம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்று எடுத்துக்கொண்டு, பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதலைக் கேட்கிறது. மற்ற பல நாடுகளிலும் குழந்தைகளின் தரவுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. சட்டத்தைக்கூட விடுங்கள். பெயர், வயது, உயரம், முகம், எந்தப் பள்ளி என்று காட்டும் யூனிபார்ம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், தப்பான எண்ணத்தோடு தேடுபவருக்கு நீங்கள் வரிசைப்படுத்திக் கொடுத்த மாதிரி. உங்கள் பெயரிலேயே போலிப் பக்கம் ஒன்று திறந்து, "கிளையன்ட் நீச்சல் உடைப் படம் கேட்கிறார், அனுப்புங்கள்" என்று அந்தப் பெற்றோர்களுக்கே எழுதுவார்கள். இப்படி நடக்கிறது.

வெளியே தெரியும் பக்கத்தில் ஏற்கெனவே வெளிவந்த விளம்பரங்கள் மட்டும், அதுவும் பெயரில்லாமல், எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு இருக்கட்டும். பிள்ளைகளின் பட்டியல் கடவுச்சொல் போட்ட கோப்பாக, நீங்கள் நிறுவனத்தின் அலுவலக எண்ணுக்கே கூப்பிட்டுச் சரிபார்த்த ஆளுக்கு மட்டும் போகவேண்டும். போனில் எடுத்த படத்தில் இடத் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும், அனுப்பும் முன் நீக்குங்கள். ஏஜென்சி ஒருபோதும் உடை குறைந்த படம் கேட்காது, தனிச் செய்தியில் பிள்ளைகளோடு பேசாது என்று சேரும்போதே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏதாவது தவறு நடந்ததாகத் தெரிந்தால், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்காராதீர்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான இந்தியாவின் 2012-ம் வருடப் போக்சோ சட்டத்தில் குற்றத்தைத் தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பாளர் தனக்குக் கீழே வேலை செய்பவர் மீதான குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை.

16 வயதுப் பெண்ணின் ஷூட்

பதினாறு என்றால் பெரிய பெண்தானே என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது கொஞ்சம் கவலையாக இருந்தது. பார்க்கப் பெரியவளாகத் தெரிவதுதான் பிரச்சினையே, செட்டில் எல்லாரும் அவளைப் பெரியவளாகவே நடத்துவார்கள். உலகின் பெரிய ஃபேஷன் குழுமங்களான எல்விஎம்ஹெச், கெரிங் இரண்டும் 2017-ல் போட்ட சாசனத்தில், 16-லிருந்து 18 வரை உள்ளவர்களுடன் பாதுகாவலர் இருந்தே ஆகவேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை வேலை கூடாது என்று எழுதின. கெரிங் பிறகு ஒரு படி மேலே போய், பெரியவர்களின் ஆடைக்கு 18 வயது நிரம்பியவர்களையே எடுப்போம் என்று முடிவு செய்தது. பணமும் வழக்கறிஞர் படையும் உள்ள அவர்களே அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, நீங்கள் ஒரு பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றிவிடுவது சரிவராது. அம்மா வர முடியாவிட்டால் அத்தையோ சித்தியோ, அம்மா எழுத்தில் குறிப்பிடும் ஒரு பெரியவர் போகட்டும், அவர் பயணச் செலவையும் தங்கும் செலவையும் கிளையன்ட் கொடுக்கட்டும். அதுவும் முடியாதென்றால் இந்த வேலை வேண்டாம். முதல் கிளையன்டை இழக்க மனசு வராதுதான், புரிகிறது.

உடம்பைக் குறைக்கச் சொன்னதை எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். சொல்லவே வேண்டாம். வளரும் வயதுப் பெண்ணிடம் ஏஜென்ட் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியம் வந்தால், அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கும் விதமே மாறிவிடும். பிரான்ஸில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம், உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் அப்படி மாற்றியது என்று குறிப்பிடவேண்டும். அந்த அளவுக்கு இது முற்றிப்போன விஷயம். கிளையன்டிடம் அவளுடைய அளவுகளைக் கொடுங்கள், ஆடையை அதற்குத் தைக்கட்டும், இல்லையென்றால் அந்த அளவுள்ள வேறு ஆளைத் தேடட்டும்.

இந்த வாரம் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஷூட் நடக்கும் இடத்தின் முகவரி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், அணியவேண்டிய ஆடைகளின் பட்டியல், உடை மாற்றத் தனி அறை உண்டா, செட்டில் யார் யார் இருப்பார்கள், பெண் பொறுப்பாளர் யார், படம் எங்கே எத்தனை மாதம் போகும், பாதுகாவலருக்கு அதே அறையில் தங்க இடம் உண்டா, எத்தனை நாளில் பணம் என்று கேளுங்கள். வேலை தெரிந்த தயாரிப்பு ஆள் இதற்கு அரை மணி நேரத்தில் பதில் எழுதிவிடுவார், கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். "இதெல்லாம் எதற்கு மேடம், நேரில் பேசிக்கலாம்" என்று பதில் வந்தால் அந்தத் தேதியை உறுதி செய்யாதீர்கள்.